மூக்கு நுனியில் சேறு

சிங்கப்பூருக்கு வந்த பதினோரு வருடத்தில் என்னைத் தேடி ஆறு பேர் ஒன்றாக வந்தது ஒரே ஒரு நாள்தான். அவர்களும் என்னைப் பார்க்க வரவில்லை. இல்லாத ஒரு பறவையைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பறவை இருக்கிறது என்று சொன்னவன் நான்.

பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவர் சமோசாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான கறிபஃப் வாங்கி வந்திருந்தார். எனக்கும் சேர்த்து. அதை மறக்க முடியவில்லை.

நான் மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பவன். வீட்டுக்காரர்கள் வயதான சீனத் தம்பதி. எனக்கும் அவர்களுக்கும் பொதுவான மொழி 'ஓகே ஓகே'. அதை வைத்தே ஆறு வருடம் சண்டையில்லாமல் ஓட்டிவிட்டோம். சமையலில் 'லைட் குக்கிங்' மட்டும் என்று ஒப்பந்தம். அதாவது தண்ணீர் சுட வைக்கலாம், முட்டை அவிக்கலாம். கடுகு வெடித்தால் ஒப்பந்த மீறல்.

வேலை, ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணினி உதவிப் பிரிவு. 'அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வாரத்தில் நான்கு நாள் அறையிலிருந்தே வேலை. காலையிலிருந்து மாலை வரை பேசிக்கொண்டே இருப்பேன், ஆனால் யாரோடும் பேசியிருக்க மாட்டேன். ரயிலில் அறிவிப்பு நான்கு மொழியில் வரும். தமிழ் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி அந்த அம்மாள் ஒரு நாள் அவ்வளவு அக்கறையாகச் சொன்னபோது, 'சரிங்க' என்று வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டேன். எதிரே இருந்த பெண் எழுந்து வேறு பெட்டிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனால் இந்தக் குறை தீரும் என்று ஆரம்பத்தில் நம்பினேன். அங்கே தமிழ்க் கூட்டம் தோளோடு தோள் இடிக்கும். ஆனால் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கையில் போனை நீட்டி வைத்துக்கொண்டு ஊரில் இருக்கும் மனைவியோடும் பிள்ளையோடும் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவனோடு பேச யாருக்கும் நேரம் கிடையாது. கல்யாணமாகாத நாற்பத்திரண்டு வயதுக்காரன் மட்டும் எப்படிச் சும்மா நடப்பது? நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலை முழுக்க நடப்பேன். பல நாள் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பறவைகளிடம் நான் போனது பறவைகளுக்காக இல்லை, மாஜோங்குக்காக. சனிக்கிழமைகளில் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் கூடத்தில் கூடி மாஜோங் ஆடுவார்கள். காய்களைக் கலைக்கும் சத்தம் ஜல்லி லாரி கொட்டுவதுபோல் இருக்கும். ஒரு சனிக்கிழமை தாங்க முடியாமல் கிளம்பி, அடுத்த நிலையமான கிராஞ்சியில் இறங்கி, வந்த முதல் பஸ்ஸில் ஏறி, எங்கே போகிறது என்று கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். பண்ணைகளையும் நாற்றங்கால்களையும் தாண்டி, தொழிலாளர் விடுதிகளைத் தாண்டி, கடலோரம் கண்டல் மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில் இறக்கிவிட்டது. எதிர்க் கரையில் ஜொகூர் கட்டடங்கள் தெரிந்தன. இந்தக் கரையில் அரை கிலோமீட்டருக்குச் சேறு. அந்தச் சேற்றைப் பார்த்தபடி நாலைந்து பேர் டெலஸ்கோப் வைத்து அசையாமல் நின்றிருந்தார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள்போல என்று நினைத்து ஓடிப்போய் அவர்கள் முன்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

பின்னாலிருந்து, சிங்கப்பூர் 'லா' போட்ட தமிழில் ஒரு பெண் குரல்: "தம்பி, கண்ணாடியா நீங்க? மறைக்காதீங்க லா. நகருங்க."

அன்று ரயில் அம்மாளுக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசிய முதல் ஆள் அவர்தான். நகர்ந்தேன். ஆனால் போகவில்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. சிராங்கூனில் தனியாக இருந்தார். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் முப்பது வருடம் பாஸ்போர்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் நான் அவரை 'ஆன்ட்டி' என்று அழைத்தேன்.

"ஆன்ட்டியா? இன்னொரு வாட்டி சொன்னீங்க, பைனாகுலராலயே அடிப்பேன். அக்கான்னு கூப்பிடுங்க."

"சரிங்க அக்கா. என்ன பாக்குறீங்க?"

"பவளக்காலி. அதோ, காலு செவப்பா இருக்குல்ல?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் சேறு. அதில் சிறு கற்கள். பிறகு அந்தக் கற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பித்தன. நான் "அய்யோ" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து எங்களை முறைத்தார். அவர்தான் குழுத் தலைவர். ஓய்வு பெற்ற சீனப் பொறியாளர், அதிகம் பேச மாட்டார். அப்படிப்பட்டவரே அன்று எனக்காக ஐந்து நிமிடம் பேசினார் என்றால், ஆள் பற்றாக்குறை எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னால்தான் புரிந்தது.

அவர் சொன்னது இது. சைபீரியாவில் முட்டையிட்டு, குளிருக்குப் பயந்து தெற்கே ஆஸ்திரேலியா வரை போகிற உள்ளான் வகைப் பறவைகள் இவை. வழியில் இறங்கித் தின்ன இவற்றுக்குச் சேறு வேண்டும். சேறு எந்த நாட்டில் இருந்தாலும் சரி. அதனால் ஒரு நாடு மட்டும் தன் ஈரநிலத்தைக் காப்பாற்றிப் பயனில்லை, சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போயிற்று. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில், ஏறக்குறைய ஒரே நாட்களில், எங்களைப் போன்றவர்கள் கரையோரம் நின்று எண்ணுகிறார்கள். எந்தக் கரையைத் தொடக்கூடாது, எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே நண்டு எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று நாடுகள் உட்கார்ந்து பேசும்போது மேசையில் இருப்பவை இந்தத் தாள்கள்தான்.

விதிகள் மூன்று. பார்த்ததை மட்டும் எழுது. ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம் எழுது, காலியாக விடாதே. அரிய பறவையென்றால் தெளிவான படம் வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அந்த வாரமே சேர்ந்துவிட்டேன். அலுவலகத்தில் என் பிரிவில் வேலை செய்யும் வேதாரண்யம் பக்கத்துக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உள்ளானை எண்ணப் போறியா? எண்ணி?"

"எழுதி வைப்போம்."

"எழுதி? அப்புறம் கறியா?"

"அடப்பாவி, பாதுகாக்குறோம்யா."

"நீயா? காலேஜ்ல உள்ளான் கறிக்கு எலும்பு வரைக்கும் சண்டை போட்டவன்னு நீதானே சொன்னே?"

உண்மைதான். பேர் தெரியும் முன்பே ருசி தெரிந்துகொண்டவன் நான். இந்தத் தகுதியை மட்டும் குழுத் தலைவரிடம் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத இடம். கண்டல் மரங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன மரமேடை, முன்னால் ஒரு துண்டுச் சேறு. மற்றவர்களெல்லாம் தள்ளி, பெரிய சேற்றுவெளியில் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். என் பக்கம் எப்போதாவது நாலு கொக்கு, ஒரு உடும்பு. உடும்பு கணக்கில் சேராது. மாதாமாதம் ஒத்திகை எண்ணிக்கை நடக்கும். நான் எண்ணிக்கையைக் குழுவுக்கு அனுப்புவேன்: பவளக்காலி பூஜ்யம், பச்சைக்காலி பூஜ்யம், கொசு உள்ளான் பூஜ்யம். குழுத் தலைவர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அதோடு முடிந்தது. மற்றவர்கள் பெரிய மேடையில் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நான் அங்கே நடந்து சேர்வதற்குள் பஸ் போயிருக்கும், அடுத்த பஸ் எப்போது என்று கிராஞ்சியில் யாருக்கும் தெரியாது.

அக்கா மட்டும் எப்போதாவது குறுஞ்செய்தி அனுப்புவார். 'தம்பி, இன்னைக்கும் முட்டையா?' நான், 'ரெண்டு முட்டை அக்கா, ஆம்லெட் போட்டுட்டேன்' என்பேன்.

அந்த ஜனவரி எண்ணிக்கைக்கு முந்தைய வாரம் அக்கா என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அவருக்குக் கண்ணில் அழுத்தம். ஓரங்களிலிருந்து பார்வை உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டுமருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் எவ்ளோ தெரியும்னு தெரியல லா" என்றார், கடையில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல. அவரிடம் ஒரு நோட்டு உண்டு. இந்தத் தீவில் பார்க்க ஆசைப்பட்ட பறவைகளை வரிசையாக எழுதி, பார்த்ததும் எதிரே தேதி போட்டு வைத்திருந்தார். ஒன்றே ஒன்றுக்கு எதிரே மட்டும் காலி. கரண்டிமூக்கு உள்ளான். மூக்கின் நுனி சப்பையாகக் கரண்டிபோல இருக்கும், சிட்டுக்குருவி அளவுப் பறவை. உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் மிச்சம். இருபது வருடமாக அதற்காகக் காத்திருந்தார்.

இதைத் தெரிந்துகொண்டே நான் செய்தேன் என்பதுதான் விஷயம்.

ஜனவரி எண்ணிக்கை நாள், காலை. அலை ஏறிக்கொண்டிருந்தது. அலை ஏறினால் சேறு சுருங்கும், பறவைகள் நெருங்கி வரும். என் துண்டுச் சேற்றில் அன்று அதிசயமாக ஒரு சின்னக் கூட்டம் இறங்கியது. ஏழு கொசு உள்ளான்கள். அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி, தனியாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. தலை தூக்கியது. மூக்கின் நுனி சப்பையாக இருந்தது.

போனை டெலஸ்கோப்பில் ஒட்டிப் படம் எடுத்தேன். பெரிய சேற்றில் ஒரு குட்டிச் சேறு பதிவாகியிருந்தது. யோசிக்கவே இல்லை, குழுவுக்கு அனுப்பிவிட்டேன்: 'கரண்டிமூக்கு உள்ளான். ஒன்று. என் மேடையில்.'

அடுத்த நிமிடம் போன் துள்ள ஆரம்பித்தது. என் செய்திகளுக்கு அதுவரை பதிலே போடாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். நிஜமாகவா? அசையாதே, துரத்திவிடாதே. வந்துகொண்டே இருக்கிறோம். பெரிய மேடையிலிருந்து நடக்கிறோம். அக்கா அன்று மருந்து மயக்கமாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்தார். அவரிடமிருந்து குரல் செய்தி: "தம்பி, புடிச்சு வைங்க லா அத! டாக்ஸி எடுத்துட்டேன்!"

நான் சிரித்துக்கொண்டே மறுபடி டெலஸ்கோப்பில் கண் வைத்தேன். அந்தப் பறவை ஒரு சிறு குட்டையில் இறங்கி மூக்கைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசியது. தூக்கியபோது கரண்டி இல்லை. நுனியில் ஒட்டியிருந்த சேறு கரைந்துபோயிருந்தது. எட்டணாவுக்குப் பெறாத சேறு. அது ஒரு கொசு உள்ளான். மற்ற ஆறையும் போல இன்னொரு கொசு உள்ளான்.

பறவை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது செய்யும் தப்பு இது என்று பின்னால் சொன்னார்கள். ஒரு வரி அனுப்பினால் போதும், 'மன்னிக்கவும், சேறு' என்று. எல்லோரும் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

போனைக் கையில் எடுத்தேன். 'எந்தப் பக்கம் வரணும்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'உங்களுக்குக் கறிபஃப் சாப்பிட ஆட்சேபணை இல்லையே? வழியில் ஒரு கடையில் நிற்கிறேன்' என்று இன்னொருவர். பதினோரு வருடத்தில் நான் என்ன சாப்பிடுவேன் என்று யாரும் கேட்டதில்லை. 'இடது பக்கம் வாங்க' என்று அவருக்குப் பதில் அனுப்பினேன். அடுத்தவருக்கு, 'எனக்குக் காரமா இருந்தாலும் சரி.'

ஐந்து பேர் வந்தார்கள். பிறகு அக்கா, ஆறு. என் மேடையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. அதில் ஆறு பேர், ஆறு டெலஸ்கோப், நான். ஒருவர் தோள் ஒருவர் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. எங்கே நின்றது, எப்படித் துழாவியது, எவ்வளவு நேரம் என்று என்னை மாறி மாறிக் கேட்டார்கள். நான் உற்சாகமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கூடக் காண்பித்தேன். குழுத் தலைவர் நான் சொல்வதைக் குறித்துக்கொண்டார். அவர் என் பேச்சைக் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தரம், பொய்யைத் தேர்ந்தெடுத்துக் குறித்துக்கொண்டார்.

ஈரநிலத்தை அழிக்காமல், அளவோடு, அறிவோடு பயன்படுத்தலாம் என்று உலக உடன்பாட்டில் இருப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். மீனுக்குப் பயன்படுத்துகிறார்கள், நண்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் அன்று ஆள் சேர்க்கப் பயன்படுத்தினேன். அளவில்லாமல்.

மதியம் நெருங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பறந்து போயிருக்கும், அதிர்ஷ்டம் உனக்கு என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் நகரவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, டெலஸ்கோப்பை ஒரு கண்ணில் வைத்து, மெல்ல மெல்ல அந்தச் சேற்றை இடமிருந்து வலமாகத் துழாவினார். வலது ஓரம் வந்ததும் மறுபடி இடது. பார்வை சுருங்கியவர்களுக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரியாது, துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும்.

"அக்கா, போலாமா? பஸ் வந்துரும்."

"நீங்க போங்க தம்பி."

"வெயில் ஏறுது அக்கா."

"இருபது வருஷம் ஏறாத வெயிலா?"

நான் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். இன்னொருவன், அவரே சலித்துப் போய்விடுவார், விடு என்றான். இந்த இரண்டாமவன்தான் எனக்கு எப்போதும் நெருங்கிய சிநேகிதன்.

நிழல் நீள ஆரம்பித்தபோது அக்கா திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி. இருக்கு."

"எங்க அக்கா?"

"அந்தக் குச்சி பக்கத்துல. தல ஆட்டுது. மூக்கு... மூக்கு தெரியுது லா. கரண்டி மாதிரி."

நான் என் டெலஸ்கோப்பில் பார்த்தேன். குச்சி இருந்தது. பக்கத்தில் ஒரு கொசு உள்ளான். ஊசி மூக்கு.

"பாத்தீங்களா?"

நான், "பாத்தேன் அக்கா" என்றேன்.

அவர் நோட்டை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, தேதி போட்டார். பிறகு என் எண்ணிக்கைத் தாளை வாங்கி, இரண்டாவது ஆள் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். என் பொய் அப்போது சட்டப்படி உண்மையாகிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. லிட்டில் இந்தியா பக்கத்தில் நான் தமிழ்த் திருப்பலிக்குப் போகும் கோவில் இருக்கிறது. பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமாக நான் சொல்வது மூன்று பாவம், வருடக்கணக்காக அதே மூன்று, சாமியாருக்கே மனப்பாடம்.

"பொய் சொல்லிட்டேன் ஃபாதர்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவைதான். ஆனா ஆறு பேர் வந்துட்டாங்க."

"எங்க வந்தாங்க?"

"கிராஞ்சிக்கு."

முழுக்கதையும் சொன்னேன். கரண்டி என்றதும் இருமினார். அது சிரிப்பா இருமலா என்று இன்றுவரை தெரியாது.

"இதுல யாருக்காவது கெடுதலா?"

"ஒரு அக்கா ஃபாதர். கண்ணு போயிட்டிருக்கு அவங்களுக்கு. இல்லாத பறவையப் பாத்துட்டாங்க."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல ஃபாதர். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்கிட்ட பறவை இல்லையேப்பா. அவங்ககிட்டல்ல போகணும்."

மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து வெளியே வந்ததும் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, தேக்காவுலதான் இருக்கேன். வாங்க, டீ குடிப்போம்."

தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில், எதிரெதிர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். மேசைமேல் ஒரு லட்டுப் பெட்டி. குழுவுக்காம். தலைவர் சர்க்கரை நோயாளி, அவருக்கு மட்டும் முறுக்கு. நேற்று ராத்திரி கண் மருந்து போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டே போட்டேன் என்றார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

"மொத லட்டு உங்களுக்குத்தான். எடுங்க."

எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். சேறு என்றேன். அலசிக்கொண்டது என்றேன். நீங்க டாக்ஸி ஏறும்போதே எனக்குத் தெரியும் என்றேன். சாயங்காலம் குச்சிக்குப் பக்கத்தில் இருந்ததும் கொசு உள்ளான்தான் என்றேன். ஏன் மறைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கறிபஃப் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்கா டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். பக்கத்து மேசையில் யாரோ பிரியாணிக்குச் சண்டை போட்டார்கள்.

"அப்ப நான் என்னத்தப் பாத்தேன்?"

லட்டைப் பிடித்த கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன்.

"ஒரு புள்ளிதான் தெரிஞ்சுச்சு எனக்கு. ஆடுற புள்ளி. நீ சொன்னே, அதனால மூக்கு தெரிஞ்சுச்சு." பெட்டியின் மூடியை எடுத்து மெல்ல மூடினார். "முப்பது வருஷம் உட்லண்ட்ஸ்ல பொய்ப் பாஸ்போர்ட் புடிச்சவ நான். மூஞ்சியப் பாத்தாலே சொல்லிருவேன். உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல பாரு, நேத்து முழுக்க அந்தச் சேத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"மன்னிச்சுருங்க அக்கா."

"குரூப்ல நீயே எழுதணும். இன்னைக்கே. அந்தத் தாள்ல ஒரு பொய்யி இருந்துச்சுன்னா, நாளைக்கு வேற ஊர்க்காரன் எடுத்துப் பாத்துட்டு, இவனுங்க எழுதுனது எல்லாமே இப்படித்தான்னு தூக்கிப் போட்டுருவான். இங்க எல்லாரும் வெயில்ல நின்னு எண்ணுனது வீணா? என் கையெழுத்தையும் அடிக்கச் சொல்லிரு." எழுந்தார். "என் பேரக் காப்பாத்தப் பொய் எழுதாத. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னே எழுது."

லட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என் கையில் இருந்த லட்டை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அது என் உள்ளங்கையில் உதிர்ந்துபோயிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நாலு தரம் அழித்தேன், ஐந்தாவது தரம் அனுப்பினேன். அக்காவின் கண்ணைப் பற்றி எழுதவில்லை. 'நான் சொன்னதை நம்பி அவர் கையெழுத்திட்டார், தப்பு முழுக்க என்னுடையது' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை என்று மூன்று தரம் சரிபார்த்துக்கொண்டேன்.

குழு அன்று முழுக்க அமைதியாக இருந்தது. படித்த அடையாளம் மட்டும் ஒவ்வொன்றாக நீலமாக மாறிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை காலையில் தலைவரிடமிருந்து ஒரே வரி. திட்டவில்லை. கரண்டிமூக்கு வரியை அடித்துவிடு, கொசு உள்ளான் ஆறு என்று எழுதியிருக்கிறாய், ஏழாக்கு என்று எழுதியிருந்தார்.

அதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பறவை பொய்யல்ல. சைபீரியாவிலிருந்து கிளம்பி என் துண்டுச் சேறு வரைக்கும் வந்த நிஜப் பறவை. அதன் இடத்தில் வேறொன்றை எழுதி, வந்ததைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தேன். ஆறை அடித்து ஏழு என்று எழுதினேன். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. கறிபஃப் வாங்கி வந்தவர்கூட.

பிப்ரவரி ஒத்திகை எண்ணிக்கைக்குப் போவதா என்று மூன்று வாரம் யோசித்தேன். சனிக்கிழமை காலை கூடத்தில் மாஜோங் காய்கள் கொட்டின. கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் நானும் ஓட்டுநரும் மட்டும். மேடையில் உட்கார்ந்தேன். ஏறும் அலையில் ஒரு உடும்பு நீந்திப் போனது. எதிர்க் கரையில் ஜொகூர் வெயிலில் மங்கித் தெரிந்தது. தாளை நிரப்பினேன். பவளக்காலி பூஜ்யம், பச்சைக்காலி பூஜ்யம், கொசு உள்ளான் பூஜ்யம். குழுவுக்கு அனுப்பினேன். தலைவரின் கட்டைவிரல் வந்தது.

பெரிய மேடையிலும் அக்கா இல்லை என்று வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். அவரிடமிருந்து ஒரு மாதமாகச் செய்தி எதுவும் இல்லை. போனைப் பைக்குள் வைக்கப் போனபோது திரை மின்னியது.

'இன்னைக்கும் முட்டையா?'

'ஆமா அக்கா.'

பிறகு:

'நல்லாப் பாத்தியா?'

அன்று டீக்கடையில் கோபத்தில் வந்த 'நீ' இன்னும் திரும்பிப் போகவில்லை. நான் டெலஸ்கோப்பில் கண் வைத்தேன். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். துண்டு துண்டாக, குச்சி குச்சியாக, வலது ஓரம் வரை வந்தேன். மறுபடி இடது ஓரம். சேறு. சேற்றில் தாவும் மீன்கள். தண்ணீர். கற்கள். கற்கள் நடக்கின்றனவா என்று காத்திருந்து பார்த்தேன். நடக்கவில்லை.

'பாத்தேன் அக்கா. ஒண்ணும் இல்ல.'

'சரி. எழுது' என்று வந்தது.

ஏற்கெனவே எழுதியிருந்த பூஜ்யத்தின் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினேன்.